பலூன் ஊதும் நேரம்

பத்தாம் திகதி தோட்டங்களில் சம்பளம். அன்று பொழுது சாயும்போது வத்தேகமவிலிருந்து பன்விலவுக்கு ஏறும் வீதியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு விடயங்கள் சொல்லாமலே தெரியும். தவறணையில் கூட்டம் முட்டும். ஏதாவது ஒரு முடக்கு தாண்டியதும் பொலிஸ் நிற்கும். மடுல்கலைப் பக்கம் ஆள் ஏற்றிப் போகிற முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரைக் கைகாட்டி நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் இரண்டு முனையையும் ஒடித்து, ஒன்றில் ஊதுகுழலையும் மற்றதில் ஒரு பலூனையும் மாட்டிக் கையில் கொடுப்பார்கள். பலூன் நிறையும்வரை ஒரே மூச்சாக ஊத வேண்டும். குழாய்க்குள் மஞ்சள் நிறத்தில் சீனித் துகள் போல ஏதோ இருக்கும். அது மஞ்சளாகவே இருந்தால் வண்டி மலையேறும். பச்சையாகி நடுவிலுள்ள கோட்டைத் தாண்டினால் வண்டி பொலிஸ் நிலையத்துக்குப் போகும், சாரதி அதன் பின்னால் போவார்.

மஞ்சள் பச்சையாவது பள்ளிக்கூட இரசாயனம்தான். குழாயில் இருப்பது அமிலம் ஏற்றிய பொட்டாசியம் டைகுரோமேற்று. மூச்சில் வரும் மதுசாரம் அதனோடு சேர்ந்து தாக்கம் புரிந்தால் மஞ்சள் நிறம் போய்ப் பச்சை வரும். இந்தச் சின்னக் குழாயை நம்பித்தான் நாட்டின் குடிபோதைச் சாரதிச் சட்டம் தெருவில் நடமாடுகிறது. மலைநாட்டில் இந்தக் குற்றத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயரும் அதிலிருந்தே வந்தது. "மதுபோதையில் வாகனம் செலுத்திய குற்றம்" என்று யாரும் சொல்வதில்லை. "பலூன் ஊதி மாட்டிக்கிட்டான்" என்பார்கள்.

பலூன் இல்லாத காலத்தில் எப்படி மாட்டினார்கள் என்பதற்கு லண்டனில் ஒரு கதை இருக்கிறது. 1897 செப்டெம்பர் 10 அன்று ஜோர்ஜ் ஸ்மித் என்ற வாடகைக் கார்ச் சாரதி தனது மின்சார வண்டியை நியூ பொண்ட் வீதியில் ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் மோதினார். குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் என்று வரலாறு அவரைத்தான் குறித்து வைத்திருக்கிறது. இரண்டு மூன்று கிளாஸ் பியர் குடித்ததாக அவரே ஒத்துக்கொண்டார். தண்டம் விதிக்கப்பட்டது. பொலிஸ்காரரின் கண்ணும் குற்றவாளியின் வாயும்தான் சாட்சி. குடித்துக் கார் ஓட்டுவதற்கென்று தனிச் சட்டம் வராத நாட்கள் அவை. கையில் இருந்தது 1872ஆம் ஆண்டின் மதுபான அனுமதிச் சட்டம். அது வண்டி, குதிரை, மாடு, நீராவி இயந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொது வீதியில் வெறித்திருப்பதைக் குற்றமாக்கியிருந்தது. வெறியில் மாடு ஓட்டிக்கொண்டு போவதும் குற்றம். நம்மூர் மாட்டுவண்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சட்டம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

சாட்சியைக் கண்ணிலிருந்து இரத்தத்துக்கு மாற்றியவர்கள் ஸ்கண்டிநேவியர்கள். சுவீடனின் எரிக் விட்மார்க் என்ற விஞ்ஞானி, குடித்த மது உடம்பில் எவ்வளவு ஏறுகிறது, எந்த வேகத்தில் இறங்குகிறது என்று கணக்குப் போட்டார். 1936இல் நோர்வே உலகிலேயே முதன்முதலாக ஓர் எண்ணைச் சட்டமாக்கியது: இரத்தத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆள் தள்ளாடினாரா, நேராக நின்றாரா என்ற கேள்வியே வேண்டாம், குற்றம் குற்றம்தான். பிரித்தானியாவுக்கு அந்தத் துணிச்சல் வர 1967 ஆனது. அந்த ஒக்டோபரில் மூச்சுச் சோதனையைக் கொண்டுவந்த போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசிலுக்கு வாகனம் ஓட்டவே தெரியாது. மதுக்கடைக்காரர்கள் அவரை ஏசியதற்கு அதுவும் ஒரு சாட்டு. அங்கே வைத்த எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம். இலங்கையில் இன்றைக்கும் அதே 80தான். இந்தியா 30இல் நிற்கிறது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே அளவு சாராயத்தைக் குடித்த இரண்டு பேரில் ஒருவர் குற்றவாளி, மற்றவர் வீட்டுக்குப் போகலாம்.

இலங்கையின் சட்டம் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம். அதன் 151ஆம் பிரிவு மதுவையும் போதைப்பொருளையும் சொல்கிறது. கண்மூடித்தனமாக, ஆபத்தான வேகத்தில், கவனயீனமாக ஓட்டுவதும் அதே பிரிவுக்குள்தான் அடங்கும். விபத்துக்குப் பிறகு நிற்காமல் போனால் 161ஆம் பிரிவு காத்திருக்கிறது. கீழே, அடித்தளமாக, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை. முன்யோசனையற்ற அல்லது கவனயீனமான செயலால் ஒருவருக்கு மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை என்று அதன் 298ஆம் பிரிவு சொல்கிறது. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். காருக்கு மூன்று வயது மூத்த பிரிவை வைத்துத்தான் இன்றைக்கும் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸின் சாரதிக்குக் குற்றப்பத்திரிகை எழுதுகிறார்கள். இந்தியாவிலும் கதை அதுதான். 1870இல் செருகப்பட்ட 304ஏ பிரிவின் இரண்டு வருடச் சிறை 2024 யூலை வரை அப்படியே இருந்தது. புதிய பாரதீய நியாய சங்கிதை அதை ஐந்தாக்கியது. இடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் என்றும் எழுதியது. ஆனால் 2024 ஜனவரியில் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கவே, அந்தத் துணைப்பிரிவு அமுலுக்கு வராமல் ஒதுக்கி வைக்கப்பட்டது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் வழக்குகள் ஏன் நழுவுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஓரிடத்தில்தான் வந்து முட்டுகிறது. அந்த இடம் கடிகாரம்.

உடம்பு மதுவை 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு ஏறக்குறைய மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் எரித்துவிடுகிறது. நள்ளிரவில் ஒருவர் இரத்தத்தில் 100 இருந்தது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணிக்கு 70. சட்டம் கேட்பது 80. இடைப்பட்ட இரண்டு மணிநேரத்தில் ஒரு குற்றவாளி நிரபராதியாகிவிட்டார், அவர் எதுவும் செய்யவில்லை, சும்மா இருந்தார். இதைக் கண்டி நகருக்குள் வைத்து யோசித்தால் பெரிதாகத் தெரியாது. பேராதனை வீதியில் விபத்து என்றால் பத்து நிமிடத்தில் பொலிஸ், அரை மணியில் வைத்தியசாலை. பன்விலவுக்கு மேலே ஹுலுகங்கை, கபரகலை என்று போகும் மலைப்பாதையில் வைத்து யோசிக்க வேண்டும். மழையில் கரைந்த வீதி, ஒரு பஸ் வந்தால் மற்ற வண்டி பின்னுக்குப் போய் ஒதுங்க வேண்டிய அகலம், பனிமூட்டம். பள்ளத்தில் விழுந்தவரைத் தேயிலை மலைக்குள் இறங்கித் தூக்கிவந்து, கிடைத்த வண்டியில் ஏற்றி, இருபது கிலோமீற்றருக்கு மேல் கண்டிக்கு அனுப்பி முடிக்கும்போது ஓட்டியவரிடம் பலூன் நீட்ட யாருக்கு நினைவிருக்கும்? முதலில் உயிர், பிறகுதானே வழக்கு. அந்தப் பிறகுக்குள் மஞ்சள் மஞ்சளாகவே இருந்துவிடுகிறது.

கனடா இந்த ஓட்டையை அடைக்க ஒரு வேலை செய்தது. அங்கே ஒரு காலத்தில் சட்டத்தரணிகளுக்குச் செல்லமான ஒரு வாதம் இருந்தது: என் கட்சிக்காரர் ஓட்டும்போது எல்லைக்குள்தான் இருந்தார், விபத்து நடந்த அதிர்ச்சியில் வீட்டுக்குப் போய்த்தான் குடித்தார். 2018 டிசம்பரில் அமுலுக்கு வந்த திருத்தம் நேரத்தையே நீட்டிவிட்டது. ஓட்டி முடித்து இரண்டு மணிநேரத்துக்குள் எல்லையில் இருந்தாலோ தாண்டியிருந்தாலோ குற்றம். சந்தேகம் எதுவும் இல்லாமலே எந்தச் சாரதியையும் ஊதச் சொல்லும் அதிகாரமும் அதோடு வந்தது. குடித்து ஓட்டி மரணம் விளைவித்தால் அங்கே உச்சத் தண்டனை ஆயுட்காலச் சிறை. பொலிஸாருக்கு இவ்வளவு அதிகாரமா என்ற முணுமுணுப்பு அந்நாட்டிலும் உண்டு, அது நியாயமான முணுமுணுப்புத்தான். இருந்தாலும், கடிகாரத்தோடு நேருக்கு நேர் மோதிய சட்டம் என்ற வகையில் அது மற்றவர்கள் படிக்க வேண்டிய சட்டம்.

நேரத்தை வாங்க வசதி உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இந்தியாவின் வழக்குப் புத்தகங்கள் ஒரு துப்பறியும் தொடர் போலவே இருக்கின்றன. 1999 ஜனவரி 10 அதிகாலை, டில்லி லோதி கொலனி. ஒரு பிஎம்டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றது. அதில் மூன்று பேர் பொலிஸார். கார் பறந்துவிட்டது. ஆனால் அடிவயிற்றில் அடிபட்டு எண்ணெய் ஒழுகிக்கொண்டே போயிருந்தது. பொலிஸார் அந்த எண்ணெய்க் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கோல்ஃப் லிங்க்ஸில் ஒரு பெரிய வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பிறகு வழக்கு நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடித்தது காரே இல்லை, லொறி என்றார் ஒரு சாட்சி. 2007இல் ஒரு தொலைக்காட்சி இரகசியக் கமராவை வைத்து, எதிரியின் சட்டத்தரணியும் அரசுத் தரப்புச் சட்டத்தரணியும் ஒரு சாட்சியோடு பேரம் பேசுவதைக் காட்டியது. இறுதியில் 2012இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தைப் பெரிதாக்கியது, ஆனால் ஏற்கெனவே அனுபவித்த இரண்டு வருடத்துக்கு மேல் சிறை தரவில்லை. 50 இலட்சம் ரூபாயும் இரண்டு வருடச் சமூக சேவையும் என்று முடித்தது.

மும்பாயில் இன்னொரு வகை. 2002 செப்டெம்பர் 28, பாந்திராவில் நடைபாதையில் படுத்திருந்தவர்கள்மேல் ஒரு கார் ஏறியது, ஒருவர் இறந்தார். நடிகர் சல்மான் கானுக்கு 2015 மே மாதம் ஐந்து வருடச் சிறை விதிக்கப்பட்டது. டிசம்பரில் மும்பாய் உயர் நீதிமன்றம், குற்றம் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. மே மாதத் தீர்ப்புக்குச் சற்று முன் வழக்கில் நுழைந்தவர் அவரது குடும்பத்துச் சாரதி. ஓட்டியது நான்தான் என்று அவர் வந்து சொன்னபோது விபத்து நடந்து பன்னிரண்டு வருடம் கடந்திருந்தது. அதே நகரில் 2006 நவம்பரில் காட்டர் வீதியில் ஏழு தொழிலாளர்களைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கில் மட்டும் இரத்தம் பேசியது: 0.112 சதவீதம். முதல் நீதிமன்றம் ஆறு மாதம்தான் கொடுத்தது. மேல்முறையீட்டில் மூன்று வருடமாகி 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டத்தில் இல்லை. இரத்தம் எப்போது எடுக்கப்பட்டது, எடுத்தவர் கூண்டில் ஏறி என்ன சொன்னார், யார் ஓட்டினார் என்று கண்டவர் உயிரோடு இருந்தாரா என்பதில்தான் இருக்கிறது.

இரத்தம் பேசும் என்று தெரிந்ததும் இரத்தத்தையே மாற்றும் வேலையும் வந்தது. 2024 மே 19, பூனே. பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு இளம் மென்பொருள் பொறியியலாளர்களைக் கொன்றது. சிறுவர் நீதிச் சபை அன்றே பிணை கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, வீதி விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். நாடே பொங்கியது அந்தக் கட்டுரைக்காகத்தான், ஆனால் விசித்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பையனின் இரத்த மாதிரி குப்பைக்குப் போய், வேறொருவர் இரத்தம் அதன் இடத்தில் ஆய்வுக்குப் போனதாகப் பொலிஸ் கண்டது. அந்த வேறொருவர் அவனது தாய் என்பது குற்றச்சாட்டு. அரச வைத்தியசாலையின் வைத்தியர்கள் இருவரும் தாயும் கைதானார்கள். பெற்ற பாசம் குப்பிக்குள்ளும் இறங்கும் என்று எந்தச் சட்ட ஆக்கக்காரரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கும் இந்த வரிசையில் நிற்கிறது, ஆனால் அது சிரிக்க வைப்பது. நெடுஞ்சாலையோரம் மதுக்கடை இருந்தால் குடித்து ஓட்டத்தானே செய்வார்கள் என்று தொடங்கிய பாலு வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீற்றருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. சில மாநிலங்கள் நெடுஞ்சாலையையே நகர வீதி என்று பெயர் மாற்றிவிட்டன. கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு மதுபானசாலைக்காரர் அதற்கும் மேலே போனார். கடையை நகர்த்தவில்லை, வாசலுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வளையும் ஒரு நடைபாதை கட்டினார். நேராக 150 மீற்றர்தான், நடந்தால் 500ஐத் தாண்டும். உள்ளே போகும்போது கோலம் போல வளைந்து போகிறவர், திரும்பும்போது அதே வளைவுகளை எப்படிச் சமாளித்தாரோ.

இலங்கையின் மிக இருண்ட கதை இதற்கெல்லாம் தலைகீழ். மேலே சொன்ன வழக்குகளில் கொலைக்கு ஒப்பான விபத்து சாதாரண விபத்தாகக் குறுக்கப்பட்டது. கொழும்பு நாரஹேன்பிட்டியில் 2012 மே 17 அதிகாலை நடந்ததோ, விபத்தாகவே எழுதி முடிக்கப்பட்ட ஒரு மரணம். ஹெவலொக் கழக றக்பி வீரர் வசீம் தாஜுதீனின் கார் மதிலில் மோதி எரிந்த நிலையில் கிடந்தது. உள்ளே அவர் உடல். வாகனம் மதிலில் மோதித் தீப்பற்றியது என்பது பொலிஸார் முதலில் சொன்ன கதை. அந்தக் கதை மூன்று வருடம் நின்றது. ஆட்சி மாறிய பிறகு 2015 ஓகஸ்டில் தெஹிவளை மையவாடியில் உடலைத் தோண்டியெடுத்தார்கள். முதல் பிரேத பரிசோதனைக்குப் பிறகு சில எலும்புகளே காணாமல் போயிருந்தன. எஞ்சியவற்றிலிருந்த முறிவுகள் மோதலால் வரக்கூடியவை அல்ல என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் சொன்னது. 2016 பெப்ரவரியில் கொழும்பு மேலதிக நீதவான் இது கொலை என்று அறிவித்தார். சாட்சியங்களை மறைத்ததாக அப்போதைய பொலிஸ் உயரதிகாரி ஒருவர் கைதானார். பத்து வருடம் தாண்டியும் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வாகன விபத்து என்ற சொல்லுக்கு எவ்வளவு பெரிய போர்வையாகும் சக்தி இருக்கிறது என்பதை இந்த வழக்கைவிடத் துல்லியமாகக் காட்டியது இந்த நாட்டில் வேறில்லை. வீதியில் கிடக்கும் உடம்பைச் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பது சடங்குக்காக அல்ல.

போதை ஒன்றுதான் சாரதியைக் கெடுக்கும் என்றில்லை. நித்திரை இன்னும் மோசம், அதற்குப் பலூனும் கிடையாது. 2025 மே 11 விடிவதற்கு முன், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அளவுக்கு மிஞ்சிய பயணிகளைப் பற்றியும் இரவு முழுதும் ஓடும் சேவைகளைப் பற்றியும் நாடு பேசியது. மலையில் இராப்பயணம் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சாரதிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது எழுதாத விதி.

நித்திரையில் ஓட்டியவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? ஆங்கில நீதிபதிகள் இதைப் பற்றி ரசமாக எழுதியிருக்கிறார்கள். தூங்கிப்போனேன் என்பது சாக்காகாது, ஏனென்றால் கண் சொருகும்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. உண்மையிலேயே கை மீறிப் போவதற்கு அவர்கள் தந்த உதாரணம் தேனீக் கூட்டம்: ஓட்டிக்கொண்டிருக்கையில் தேனீக்கள் மொய்த்துவிட்டால் அந்த ஓட்டம் சாரதியின் செயல் அல்ல. 1958இன் ஹில் எதிர் பக்ஸ்டர் வழக்கிலிருந்து சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் இது பாடம். லண்டன் மாணவருக்கு அது வேடிக்கையான கற்பனை. கொழுந்து மலைகளில் குளவி கொட்டி ஆட்கள் வைத்தியசாலைக்குப் போவது வாராவாரம் செய்தி. பன்விலவில் ஒரு சட்டத்தரணி இந்த வாதத்தை எழுப்பினால் நீதவான் சிரிக்க மாட்டார்.

தேனீக்கும் அப்பால் போன ஒரு வழக்கு கனடாவில் நடந்தது, அதுவும் இன்று தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில். 1987 மே 24 அதிகாலை, கென்னத் பார்க்ஸ் என்பவர் பிக்கரிங்கில் தன் வீட்டிலிருந்து காரை எடுத்து இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போய், மாமியாரைக் கொன்று, மாமனாரையும் படுகாயப்படுத்திவிட்டு, இரத்தம் வழியும் கையோடு பொலிஸ் நிலையத்துக்குத் தானே போய் நின்றார். யாரையோ கொன்றுவிட்டேன் போலிருக்கிறது என்றார். அவர் தரப்பு வாதம்: முழு நேரமும் நித்திரையில் நடந்துகொண்டிருந்தார். மாமியாரோடு பகை இல்லை, நோக்கம் இல்லை, நித்திரை நோய் குடும்பத்தில் பரம்பரையாக இருந்தது. ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1992இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இரவு நேரத்தில் சிக்னல் விளக்குகளையும் திருப்பங்களையும் தாண்டி ஒரு மனிதன் தூங்கிக்கொண்டே இருபது கிலோமீற்றர் ஓட்டினான் என்பதை நீதிமன்றம் நம்பியது. கண்ணசந்து மரத்தில் மோதும் ஒரு வான் சாரதி ஐந்து நொடி தூங்கியதற்குக் குற்றவாளி. இவர் முழுதாகத் தூங்கியதால் நிரபராதி. தர்க்கம் பிழையில்லை, ஆனாலும் விழுங்கக் கஷ்டம்.

இனி பன்விலவுக்குப் பக்கத்து மலைக்கு வரலாம். இந்த வட்டாரத்தில் வீதியில் தொடங்கிய ஒரு சண்டை எதுவரை போனது என்பதற்கு 2018 போதும். பெப்ரவரி 22ஆம் திகதி அதிகாலை தெல்தெனியப் பகுதியில் ஒரு லொறிச் சாரதிக்கும் முச்சக்கர வண்டியில் வந்த நான்கு பேருக்கும் வழிவிடுவதில் தகராறு. அந்த நால்வரும் போதையில் இருந்ததாகச் செய்திகள் கூறின. லொறிச் சாரதியை அடித்தார்கள். அவர் சிங்களவர், அடித்தவர்கள் முஸ்லிம்கள். கண்டி வைத்தியசாலையில் பல நாள் கிடந்து மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். நால்வரும் ஏற்கெனவே கைதாகியிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால் அது அங்கேயே முடிந்த விவகாரம். ஆனால் சடலம் வீட்டுக்கு வந்த கையோடு திகனையிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரியத் தொடங்கின. எரிந்த கட்டடம் ஒன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்து கிடந்தார். மெனிக்ஹின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று பரவியது. மார்ச் 6 அன்று அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியதில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்கு 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரு முடக்கில் யார் முதலில் போவது என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து மன்னிப்பு வந்தது. அந்த நாட்களில் மடவளை வழியாகக் கண்டிக்குப் போக வேண்டிய பன்வில மக்கள் எல்லா இனத்தவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

இந்தப் பெரிய கதைகளோடு ஒப்பிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் பலூன் வழக்கு ஒரு நாளும் பத்திரிகையில் வராது. அந்த இடத்திலேயே தண்டப்பணம் கட்டித் தப்பவும் முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஆகக் குறைந்த தண்டம் 25,000 ரூபா என்றானது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டால் பத்தொன்பது நாள் கொழுந்து பறிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டால் முச்சக்கர வண்டியின் லீசிங் மாதத் தவணை தனியே குத்தும். இது பாவமன்னிப்புக்காகச் சொல்வதல்ல. குடித்து ஓட்டியவர் லயத்துக் குழந்தைகள்மேல் ஏற்றினாலும் சாவு சாவுதான். கட்டும் தொகை ஒன்றேயானாலும் அது ஒருவருக்கு ஒரு மாதச் சாப்பாடு, இன்னொருவருக்கு ஒரு இரவுச் செலவு.

அந்த இன்னொருவர் பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு, அது வேறு விதமாகச் சுவையானது. 2019 மார்ச் 31 அதிகாலை பொரளையில் இலங்கை டெஸ்ட் அணித் தலைவர் திமுத் கருணாரத்னவின் கார் ஒரு முச்சக்கர வண்டியோடு மோதியது. மதுபோதையில் ஓட்டியதற்காகக் கைதானார். தவறை ஒத்துக்கொண்டார், கிரிக்கெட் நிறுவனம் 7,500 டொலர் தண்டம் விதித்தது. மூன்று கிழமை முடியும் முன்பே அதே நிறுவனம் அவரை உலகக் கிண்ணத்துக்கான ஒருநாள் அணித் தலைவராக்கியது. ஓடவில்லை, சாரதியை மாற்றவில்லை, இரத்தத்தை மாற்றவில்லை என்ற வகையில் மேலே வந்த பெரிய மனிதர்கள் எல்லாரையும்விட அவர் நேர்மையானவர். தோட்டத்து முச்சக்கர வண்டிக்காரருக்கு மூன்றாவது கிழமையில் பதவி உயர்வு கிடைப்பதில்லை என்பது வேறு விடயம்.

இன்னொரு பெரிய ஓட்டை பலூனிலேயே இருக்கிறது. 151ஆம் பிரிவு போதைப்பொருளையும் சொன்னாலும் அந்த மஞ்சள் துகளுக்குத் தெரிந்தது மதுசாரம் மட்டும். ஐஸ், கேரள கஞ்சா, நித்திரை வராதிருக்க விழுங்கும் மாத்திரை எதுவும் அதன் கண்ணில் படாது. நெடுந்தூரப் பஸ்களில் இது பரவுகிறது என்ற பேச்சு வந்தபின் சாரதிகளைப் போதைப்பொருளுக்காகச் சோதிப்பது பற்றி அரசாங்கம் பேசத் தொடங்கியது. கொழும்பு மாக்கும்புரப் பஸ் நிலையத்தில் அது நடக்கலாம். மலையுச்சித் தோட்டத்திலிருந்து அதிகாலை நான்கரைக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸுக்கு யார் வந்து சோதிப்பார்கள்? அதில் ஏறும் பெண்கள் சாரதியின் கண்ணைப் பார்த்தே கணித்துக்கொள்கிறார்கள். கண் சிவந்திருந்தால் முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். நாக்கு குழறினால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

பத்தாம் திகதி இரவு எட்டு மணிபோல மழை பிடித்தால் முடக்கில் நிற்கும் பொலிஸார் குழாய்ப் பெட்டியை மடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். தவறணை இன்னும் மூடியிருக்காது.